பதின்மூன்று வலது, ஒரே ஒரு இடது

அத்தியாயம் 7

காலை ஒன்பது மணிக்கே சாருக்கு அலுப்பு வந்துவிட்டது. மற்றவர்களுக்கு வேலை செய்தால் அலுப்பு வரும். அவருக்கு வேலையைப் பார்த்தாலே வரும். காப்பீட்டுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் சொன்ன பொய்களைத் தோண்டி எடுத்துவிட்டு, அது போதாதென்று ஓய்வுக்குப் பிறகு தையல்கடை மாடியில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிய மனுஷன் அவர். நான் அவருடைய உதவியாள். போகும் இடமெல்லாம் பின்னாலேயே போவதால் எனக்கு 'வால்' என்று பெயர். முப்பத்தெட்டு வயதுப் பெண்ணை வால் என்று கூப்பிடலாமா என்று ஒருமுறை கேட்டேன். தலை என்று கூப்பிட்டால் நீ சம்பளத்தைக் கூட்டிக் கேட்பாய் என்றார்.

"வால், இன்னொரு தடவ எண்ணு" என்றார் இப்போது.

எண்ணினேன். மேஜைமேல் பதினான்கு எக்ஸ்ரே படங்கள். பதினான்கும் நுரையீரல் புற்றுநோய். புற்று எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றின் உறையிலும் பென்சிலால் எழுதியிருந்தது. பதின்மூன்று வலது, ஒன்றே ஒன்று இடது. நேற்று சாயங்காலத்திலிருந்து எட்டு முறை எண்ணியாகிவிட்டது. எத்தனை முறை எண்ணினாலும் விடை மட்டும் மாறுவேனா என்றது.

எதிரே உட்கார்ந்திருந்தார் சிஸ்டர். ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார்த் தகடு செய்யும் ஆலை ஒன்றின் முதலுதவி அறையில் பத்தொன்பது வருஷமாக நர்ஸ். ஆலையில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். பெற்ற மகனே சில நேரம் போனில் சிஸ்டர் என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வானாம். நேற்று வந்தபோது இதைச் சொல்லிச் சிரித்தவர், இன்றைக்குச் சிரிக்கிற நிலையில் இல்லை.

அவர் சிக்கல் இதுதான். ஆலையில் கட்டிங் ஷெட் என்று ஒன்று. அங்கே தகடுகளை ரம்பத்தில் அறுப்பார்கள். அறுபது பேர் வேலை செய்கிறார்கள். தூசு பவுடர் போட்ட மாதிரி முகத்தில் அப்பும். மூன்று வருஷத்தில் அந்த ஷெட்டில் பதினான்கு பேர் நுரையீரல் புற்றில் விழுந்தார்கள். சிஸ்டர் நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து அவர்களுடைய படங்களைத் திரட்டி, ஷெட்டை மூடச் சொல்லித் தொழிலாளர் ஆய்வு அலுவலகத்துக்கு மனு போட்டார். கம்பெனி டாக்டர் ஒரே பத்தியில் பதில் எழுதிவிட்டார். மூச்சுக்காற்று இரண்டு நுரையீரலுக்கும் போகிறது. தூசுதான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் வரவேண்டும். பதினான்கில் பதின்மூன்று ஒரே பக்கம் என்றால், ஒன்றிரண்டு படங்களையே திரும்பத் திரும்ப நகல் எடுத்து நர்ஸ் இட்டுக்கட்டியிருக்கிறார் என்று பொருள்.

விசாரணை இன்று மூன்று மணிக்கு, ஆலையின் மாடியில். இட்டுக்கட்டியது என்று முடிவானால் சிஸ்டருக்கு வேலை போகும், போலீஸ் வழக்கும் வரும். ஷெட்டில் ரம்பம் பழையபடி ஓடும்.

"நான் ஒரு புள்ளியக்கூட மாத்தல சார்" என்றார் சிஸ்டர்.

"தெரியும். பொய்ப் பட்டியல் போடுறவன் ஏழு இங்க, ஏழு அங்கன்னு அழகாப் பிரிச்சு வெச்சிருப்பான். பதிமூணுக்கு ஒண்ணுன்னு நம்ப முடியாதபடி யாரும் பொய் சொல்ல மாட்டாங்க" என்றார் சார். அப்புறம் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஆனா நானும்தான் நம்பல. அதுதான் வேதன."

சிஸ்டரை வேலைக்குப் போகச் சொன்னோம். ஒன்றரை மணிக்கு முதலுதவி அறைக்கு வருவதாக ஏற்பாடு. படக்கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் சாரும் பஸ் பிடித்தோம்.

நெஞ்சு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறைக்கு வெளியே அறுபது பேர் வரிசையில் இருந்தார்கள். படம் எடுப்பவர் கதவைப் பாதி திறந்து, நோயாளியா, நோயாளிக்குத் துணையா என்று கேட்டார். சார் இருந்த இருப்புக்கு இரண்டுமே பொருந்தியது. துப்பறிகிறோம் என்றதும் மனுஷன் ஐந்து நிமிஷம் தருகிறேன் என்று உள்ளே விட்டார்.

படங்களை விளக்குப் பெட்டியில் வரிசையாகச் செருகினார். நகல் என்ற பேச்சையே அவர் ஏற்கவில்லை. ஒருவருக்கு விலா எலும்பு பழைய முறிவு, ஒருவருக்குத் தோள்பட்டை ஏற்றம், ஒருவர் ஒல்லி, ஒருவர் குண்டு. பதினான்கு நெஞ்சும் பதினான்கு ஆள். அப்படியானால் சிலதைத் திருப்பிப் போட்டு வலதாக்கியிருக்கலாமோ என்று நான் கேட்டேன். அவர் ஒவ்வொரு படத்திலும் நடுவே சாய்ந்திருந்த வெள்ளை நிழலைத் தட்டிக் காட்டினார்.

"இது இதயம். ஓரத்துல ஒட்டுற வலது இடது எழுத்த மாத்தலாம்மா. இதயத்த எடுத்து அந்தப் பக்கம் வைக்க முடியுமா? பதினாலும் சரியாத்தான் இருக்கு."

"பொதுவா இந்த நோய் ஒரு பக்கமாத்தான் வருமா?" என்று கேட்டார் சார்.

வலது பக்கம் சற்றுக் கூடுதல்தான் என்றார். இடது பக்கம் இதயம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் இடது நுரையீரல் சின்னது, இரண்டே மடல். வலது பெரியது, மூன்று மடல். பெரிய வீட்டுக்குக் கொஞ்சம் அதிகமாக விருந்தாளி வருவதுபோலத்தான். நூறு பேர் வந்தால் ஐம்பத்தைந்து, மிஞ்சிப் போனால் அறுபது வலது. பதின்மூன்றுக்கு ஒன்று என்பதை முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை.

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். சார் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நான் நினைத்தபோது பேசினார்.

"படம் உண்ம. பட்டியலும் உண்ம. ஆனா முழுசு இல்ல. வலதுல பதிமூணு பேர் விழுந்திருந்தா, இடதுல ஒம்போது பத்துப் பேராவது இருக்கணும். அவங்க எங்க?"

"கம்பெனி ஒளிச்சு வெச்சிருக்கும் சார்."

"எல்லாரையும் ஒளிக்காம இடதுக்காரங்கள மட்டும் எதுக்கு ஒளிக்கணும்?"

கம்பெனிக்கு இடது பக்கம் பிடிக்காதோ என்னவோ என்றேன். சார் சிரிக்கவில்லை. வயிறு சரியில்லாத நாளில்கூட என் கிண்டலுக்கு உதட்டைச் சுழிப்பவர் அவர். படக்கட்டிலிருந்து அந்த ஒற்றை இடதை மட்டும் உருவி என் கையில் கொடுத்தார். காணாமல் போன கூட்டத்தில் ஒருவன் மட்டும் வழி தவறி நம் பக்கம் வந்திருக்கிறான், அவனைப் போய்க் கேட்போம் என்றார்.

அந்த ஒருவர் நான்காவது மாடியில் குடியிருந்தார். லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் சார் நின்று சுவரில் எழுதியிருந்ததையெல்லாம் படிப்பதுபோல மூச்சு வாங்கினார். கதவைத் திறந்தது அவர் மனைவி. கையில் இஸ்திரிப் பெட்டி. வாடிக்கைத் துணிகள் அறையின் பாதியை நிரப்பியிருந்தன. மீதிப் பாதியில் ஜன்னலோரம் நாற்காலியில் அவர் இருந்தார். சட்டை கொக்கியில் மாட்டியதுபோல இருந்தது, உள்ளே ஆள் அவ்வளவு குறைந்திருந்தார்.

வணக்கம் சொன்னேன். கை கூப்பினார், பேசவில்லை. மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

"அவரு பிறவியிலேருந்தே பேசமாட்டாரும்மா. காது கேக்கும், வாய் வராது. கையால பேசுவாரு, நான் சொல்றேன்."

சார் தரையில் உட்கார்ந்துகொண்டார். எப்படி நோய் தெரிந்தது என்று கேட்டார். அவர் விரல்கள் வேகமாக ஓடின, மனைவி பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். இருமல். இரண்டு மாதம் விடாத இருமல். சிஸ்டர்தான் பார்த்துவிட்டு நேரே நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஷெட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார் சார். இருமல் யாருக்குத்தான் இல்லை என்று பதில் வந்தது. ரம்பச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவனிடம் பேசவே கத்த வேண்டும். கத்திக் கத்தி ஆளாளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்டால் மஞ்சள் சீட்டு. வியாழக்கிழமை தொண்டை டாக்டரிடம் காட்டி அதில் எழுதி வாங்கி வந்தால், கத்த வேண்டாத வேலை கிடைக்கும். கேட், ஸ்டோர், அந்த மாதிரி.

இதைச் சொல்லி முடித்ததும் அவர் தன் தொண்டையைத் தொட்டு, கையை விரித்துக் காட்டி, சத்தமில்லாமல் சிரித்தார். மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"என்ன சொல்றாரு?" என்றேன்.

"எல்லாருக்கும் மஞ்சச் சீட்டு கெடச்சுது, எனக்கு மட்டும் கெடைக்கல. கெட்டுப்போறதுக்குக் குரல்னு ஒண்ணு இருந்தாத்தானே அப்டீங்கறாரு."

நானும் சிரித்தேன். சார் சிரிக்கவில்லை. அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அவர் கையைப் பிடித்து, நீங்கள் பேசியதுபோல இந்த வழக்கில் வேறு யாரும் பேசவில்லை என்றார். அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, பிடித்த கையை உடனே விடவில்லை.

படி இறங்கும்போது சார் நிற்கவே இல்லை.

"பட்டியல்ல இருக்கிற ஒரே இடது யாரு வால்? குரல் இல்லாதவரு. குரல் இருந்த இடதுக்காரங்க ஒருத்தர்கூட நம்ம பட்டியல்ல இல்ல. அவங்கள வேற எங்கயோ அனுப்பியிருக்காங்க."

"தொண்டை டாக்டர்கிட்ட" என்றேன்.

"மணி பன்னெண்டு. ஓடு."

தொண்டை டாக்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்திருந்தார். வயதானவர், நெற்றியில் வட்டக் கண்ணாடி மாட்டிய பட்டையைக் கழற்ற மறந்திருந்தார். ஆலை அனுப்பும் ஆட்களை வியாழக்கிழமைதோறும் பார்ப்பது உண்மைதான் என்றார். சார் சுற்றி வளைக்காமல் மூன்று மணி விசாரணையைச் சொல்லி, கரகரத்த குரலோடு வந்தவர்களில் இடது பக்கம் கோளாறு இருந்தவர்கள் உண்டா என்று கேட்டார். டாக்டர் கரண்டியைக் கீழே வைத்தார்.

தன் பேரேட்டை எடுத்து, பெயர்களை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் காட்டினார். நூற்றுக்கும் மேல் ஆட்கள். பெரும்பாலும் கத்தியதால் வந்த வீக்கம்தான். ஆனால் ஒன்பது வரிகளில் மட்டும் சிவப்பு மையில் ஒரே வாசகம் இருந்தது. இடது குரல்நாண் அசையவில்லை.

"குரலுக்குப் போற நரம்பு ரெண்டு. வலது நரம்பு கழுத்தடியிலேயே திரும்பிடும். இடது நரம்பு அப்படியில்ல. நெஞ்சுக்குள்ள இறங்கி, இதயத்துலேருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாயச் சுத்திக்கிட்டு மறுபடி மேல ஏறி வரும்" என்றார் டாக்டர்.

பக்கத்து வீட்டுக்குப் போக ஊர் சுற்றிப் போகிற நரம்பு என்று நினைத்துக்கொண்டேன். அவர் மேலே சொன்னதன் சாரம் இது. இடது பக்கம் நெஞ்சில் கட்டி வந்தால் வழியில் அந்த நரம்பை நசுக்கிவிடும். இருமலுக்கு முன்னாலேயே குரல் போகும். எல்லோருக்கும் அப்படித்தான் என்றில்லை, ஆனால் பலருக்கு. வலது பக்கத்தில் இது அபூர்வம்.

ரம்பச் சத்தம் இல்லாத ஊரில் குரல் போனால் வீட்டில் பயந்திருப்பார்கள். அந்த ஷெட்டில் குரல் போவது வேலையில் ஒரு பகுதி. யாரும் பயப்படவில்லை.

"ஒம்போது பேருக்கும் நீங்க என்ன செஞ்சீங்க டாக்டர்?" என்று கேட்டார் சார்.

டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து நிரப்பாத மஞ்சள் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். முன்பக்கம் பெயர், தேதி, அப்புறம் இரண்டே கேள்விகள். எத்தனை நாள் ஓய்வு? கத்தாத வேலை தரவேண்டுமா? வேறு எதற்கும் இடமில்லை.

"பின்பக்கம் எழுதினேன். உடனே நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கவும்னு ஒம்போது சீட்டுலயும் எழுதினேன். வாயால விவரம் சொல்லல. சீட்டுல எழுதியிருக்கு, ஆலையில பாத்துப்பாங்கன்னு சொன்னேன்." நெற்றிப் பட்டையைக் கழற்றினார். "ஒருத்தரும் திரும்பி வரல. நெஞ்சு ஆஸ்பத்திரியில பாத்துக்கிறாங்கன்னு நெனச்சுட்டேன்."

வாயாலேயே விவரமாகச் சொல்லியிருக்கலாம் என்று தானே முணுமுணுத்துக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போது டப்பாவை மூடிவைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பஸ்ஸில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒன்பது இடது, ஏற்கெனவே ஒன்று, ஆகப் பத்து. வலது பதின்மூன்று. படம் எடுப்பவர் சொன்ன கணக்குக்கு அச்சாகப் பொருந்துகிறது. கம்பெனி அந்த ஒன்பது சீட்டையும் அமுக்கிவிட்டது, மூன்று மணிக்கு மாடியில் கம்பெனி டாக்டரின் மூக்கை உடைத்துவிடலாம் என்று பேசிக்கொண்டே வந்தேன். சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். சீட்டுகளை யார் அமுக்கினார்கள் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லையே என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

முதலுதவி அறை கட்டிங் ஷெட்டுக்கு எதிரில். கதவைச் சாத்தினாலும் ரம்பச் சத்தம் பல்லைக் கூசவைத்தது. அறை மட்டும் கண்ணாடிபோல இருந்தது. பஞ்சு ஒரு ஜாடியில், கத்தரி ஒரு தட்டில், ஒவ்வொரு புட்டிக்கும் சிஸ்டரின் கையெழுத்தில் ஒரு சீட்டு. இவ்வளவு சுத்தமாக ஒரு அறையை வைத்திருப்பவர் மேல் போய் மோசடிப் பழி போட்டார்களே என்று எனக்குக் கோபமாக வந்தது.

தொண்டை டாக்டர் சொன்னதைச் சார் சுருக்கமாகச் சொன்னார். பின்பக்கம் எழுதியதை மட்டும் சொல்லவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

"ஒம்போது பேரா?" என்றார் சிஸ்டர். உட்கார்ந்துவிட்டார். "அப்போ நம்ம பட்டியல் சரிதானே சார்?"

"சரிதான். மஞ்சச் சீட்டெல்லாம் டாக்டரப் பாத்துட்டு வந்தப்புறம் எங்க போகும் சிஸ்டர்?"

வருகைக்கும் ஓய்வு நாளுக்கும் கணக்கு வைக்கும் கம்பெனி ஆபீஸுக்கு என்று அவர் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். சிஸ்டரின் முகம் இன்று முதல் முறையாகத் தெளிந்தது. பீரோவைத் திறந்து மூன்று தடிமனான நோட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

எல்லாச் சீட்டும் இங்கேதான் என்றார். முன்பெல்லாம் சீட்டுகள் மேஜைக் குத்தூசியில் செருகிக் கிடக்கும். ஒருமுறை ஒரு சீட்டு தொலைந்து, தொண்டை கட்டிய ஆளுக்கு ஓய்வு நாளைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஷிஃப்ட் மாறும்போது ஆட்கள் வரிசையில் வந்து சீட்டை வைப்பார்கள். நோட்டுப் பக்கத்தில் முன்கூட்டியே பசை தடவி வைத்திருப்பார். முன்பக்கத்து இரண்டு பதில்களையும் படித்து, சீட்டை அப்படியே அழுத்தி ஒட்டிவிடுவார். அதன் பிறகு ஒரு சீட்டுக்கூடத் தொலைந்ததில்லை. கம்பெனி மேலாளரே வந்து பார்த்துப் பாராட்டினாராம்.

"ஒண்ணுகூடத் தொலையல சார்" என்று மறுபடி சொன்னார்.

சார் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சார் ஜாடியிலிருந்து பஞ்சை எடுத்து வெந்நீரில் நனைத்துத் தரச் சொன்னார். டாக்டர் பேரேட்டிலிருந்து குறித்து வந்த முதல் தேதியை நோட்டில் தேடிப் பிடித்து, அந்தச் சீட்டின்மேல் பஞ்சை வைத்து அழுத்தினார். பசை ஊறுவதற்கு இரண்டு நிமிஷம் ஆனது. அந்த இரண்டு நிமிஷமும் சிஸ்டர் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் சீட்டின் ஓரத்தை நகத்தால் உயர்த்தி மெதுவாக உரித்தார். திருப்பினார். மை கொஞ்சம் கசிந்திருந்தாலும் படிக்க முடிந்தது. உடனே நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கவும். அவசரம்.

சிஸ்டர் அதைக் கையில் வாங்கினார். இரண்டாவது தேதியை அவரே தேடினார். அவரே நனைத்தார், அவரே உரித்தார். ஒன்பதையும் உரித்து மேஜைமேல் வரிசையாகக் காயவைத்தார். காயத்துக்குக் கட்டுப் பிரிக்கிற கை அது, பழக்கம் போகவில்லை.

"முன்பக்கம் மட்டுந்தான் பாத்தேன்" என்றார். "திருப்பிப் பாத்ததே இல்ல."

இது யார் தலையில் போட முடிகிற பழி என்று யோசித்தேன். டாக்டர் எழுதினார், ஆட்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள், இவர் பத்திரப்படுத்தினார். எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சார் நிதானமாக நிலைமையைச் சொன்னார். இந்த ஒன்பது சீட்டையும் மாடியில் வைத்தால் மோசடிக் குற்றச்சாட்டு அங்கேயே செத்துப்போகும். ஷெட்டையும் மூடவைத்துவிடலாம். ஆனால் சீட்டு இத்தனை நாள் எங்கே இருந்தது என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு வேலை மட்டுமல்ல, நர்ஸ் உரிமமே போகலாம்.

ஆபீஸில் கிடைத்தது என்று சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். எவ்வளவோ பொய் அந்த ஆபீஸில் கிடக்கிறது, இது ஒன்று கூடினால் பாரம் தாங்காதா என்றேன். சார் என்னைத் திட்டவில்லை. சிஸ்டரைப் பார்த்தார், முடிவு அவருடையது என்பதுபோல.

சிஸ்டர் சீட்டுகளின் முன்பக்கத்துப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் இறந்துவிட்டார்கள், ஒருவருக்கு மாரடைப்பு என்று சொன்னார்கள், மற்றவருக்கு என்னவென்றே சொல்லவில்லை என்றார். மீதி ஏழு பேரும் இன்றைக்கு டியூட்டியில் இருக்கிறார்கள். நாலு பேர் ஸ்டோர், மூன்று பேர் கேட்.

"நெஞ்சு ஆஸ்பத்திரியில எத்தன மணி வரைக்கும் படம் எடுப்பாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"நாலு வரைக்கும்."

மணி இரண்டு இருபது. அவர் ஏழு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். இறந்தவர்களின் இரண்டு சீட்டை நோட்டின்மேல் வைத்து சாரிடம் நகர்த்தினார். ஏழு பேரின் விவரமும் டாக்டரின் பேரேட்டில் இருக்கிறது, உங்களுக்கு இது போதும் என்றார். மூன்று மணிக்கு நீங்கள் இல்லாவிட்டால் தீர்ப்பு உங்களுக்கு எதிராகத்தான் போகும் என்று சார் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

கேட்டில் இருந்த மூவரில் ஒருவருக்குச் சங்கு என்று பட்டப்பெயர். ஷெட்டில் இருந்த காலத்தில் ஆலைச் சங்கையே தோற்கடிக்கிற குரலாம். இப்போது அவர் பேசினால் காதைக் கிட்டத்தில் கொண்டுபோக வேண்டும். சிஸ்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"விசாரணைக்கு நானும் வந்து சாட்சி சொல்றேன் சிஸ்டர்" என்றார். காற்றுதான் வந்தது. "கேக்குற மாதிரி சொல்ல முடியாது, அவ்ளோதான்."

சிஸ்டர் சீட்டைத் திருப்பி அவர் கையில் கொடுத்தார். அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். இரண்டாவது முறை படித்தார்.

"தொண்டைக்கு எதுக்கு நெஞ்சு எக்ஸ்ரே?"

சிஸ்டர் சொன்னார். எதையும் மழுப்பாமல், நெஞ்சில் கட்டி இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இன்றைக்கே பார்த்தாக வேண்டும் என்று சொன்னார். சங்கு சீட்டிலிருந்த தேதியை விரலால் தொட்டார்.

"இது பதினோரு மாசம் முன்னாடி எழுதினது. யாருகிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டதான் அண்ணே. என் பீரோல. நான் திருப்பிப் பாக்கல."

சங்கு அவரை வெகுநேரம் பார்த்தார். அடிப்பாரோ என்றுகூட எனக்குப் பயம் வந்தது. அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மற்றவர்களைக் கூப்பிட வாயைத் திறந்தார், வரவில்லை. என்னைப் பார்த்து, நீ கூப்பிடும்மா என்று கையைக் காட்டினார். நான் ஸ்டோர் பக்கம் ஓடி, தொண்டை கிழியக் கத்தினேன்.

முதலுதவி வண்டியில் ஏழு பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். சிஸ்டர் முன்னால் ஏறிக்கொண்டார். சங்குவும் முன்னால்தான் இருந்தார், ஆனால் அவர் பக்கம் திரும்பவில்லை. மாடியில் என்ன சொல்லட்டும் என்று சார் வண்டி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இருக்கிறத சொல்லுங்க சார். பட்டியல் பொய்யில்லன்னு சொல்லுங்க. மிச்சப் பாதி என் பீரோலதான் இருந்துச்சுன்னும் சொல்லுங்க."

மூன்று மணிக்கு மாடியில் மேலாளர், கம்பெனி டாக்டர், ஆய்வு அலுவலகத்திலிருந்து வந்த அம்மா, நாங்கள் இருவர். சிஸ்டர் வராததைக் கம்பெனி டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துச் சுட்டிக்காட்டினார். சார் ஈரம் காயாத நோட்டை மேஜைமேல் விரித்தார். தொண்டை டாக்டர் தன் பேரேட்டோடு தானே வந்து சேர்ந்தது நாங்கள் எதிர்பாராதது. கம்பெனி டாக்டர் எல்லாவற்றையும் படித்தார். அவரும் மருத்துவம் படித்தவர்தான். அந்த நரம்பு எந்த வழியாகப் போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சரிதான் என்று பேரேட்டை ஆய்வு அலுவலக அம்மா பக்கம் நகர்த்தினார். மறு உத்தரவு வரும்வரை ரம்பத்தை நிறுத்தும்படி ஆய்வு அலுவலக அம்மா அங்கேயே எழுதிக் கொடுத்தார். கீழே சத்தம் நின்றபோது எங்களுக்கெல்லாம் காது அடைத்துக்கொண்டது.

பிறகு மேலாளர், இந்தச் சீட்டுகள் இவ்வளவு நாள் யாரிடம் இருந்தன என்று கேட்டார். சார் சொன்னார். சிஸ்டர் சொல்லச் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னார், ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் பொய்யைப் பிடித்த மனுஷனுக்கு ஓர் உண்மையைச் சொல்லும்போது குரல் அவ்வளவு தேய்ந்து நான் கேட்டதில்லை.

மேலாளர் விசாரணைத் தாளை எடுத்தார். படங்களை இட்டுக்கட்டினார் என்ற குற்றச்சாட்டின்மேல் ஒரு கோடு போட்டார். அதே தாளில், அதற்குக் கீழே, கடமையில் அலட்சியம் என்று புதிதாக ஒன்றை எழுதினார். சாட்சி என்று இரண்டுக்கும் எதிரே இடம் இருந்தது. சார் பேனாவை என்னிடம் கேட்டு வாங்கி, இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.